இருபது மந்திரிசபைகளும் ஒரு குடியரசும்

மந்திரிசபைகள் அடிக்கடி கவிழ்ந்தமையினாலேயே ஜேர்மனியில் ஜனநாயகம் மாண்டது என்று கூறுவோர் உளர். 1919 பெப்ரவரிக்கும் 1933 ஜனவரிக்கும் இடையில் அந்நாட்டை இருபது மந்திரிசபைகள் ஆண்டன என்பது மெய்யே. ஆயினும் எண்ணிக்கை மட்டும் விளக்கமாகிவிடாது. அவற்றைக் கவிழ்த்தவர் யார், கவிழ்த்தபின் யாரை அமர்த்தினர் என்பதையே வரலாற்று மாணவன் ஆராய்தல் வேண்டும்.

1919 ஜனவரித் தேர்தலில் சமூக ஜனநாயகக் கட்சி, கத்தோலிக்க மத்திய கட்சி, ஜனநாயகக் கட்சி ஆகிய மூன்றும் நூற்றுக்கு 76 வீத வாக்குகளைப் பெற்றன. 1920 ஜூன் தேர்தலில் அப்பெரும்பான்மை கரைந்தது. மீண்டும் அது கூடவேயில்லை. பின்னர் வந்தவை பெரும்பாலும் சிறுபான்மை மந்திரிசபைகளும் ஒட்டுப்போட்ட கூட்டணிகளுமே. எனினும் 1920 முதல் 1928 வரை பாதுகாப்பு மந்திரியாக கெஸ்லர் ஒருவரே இருந்தார். 1923 முதல் 1929 வரை வெளிநாட்டு மந்திரி ஸ்ட்ரேசமன். நீதிபதிகளும் இராணுவத் தளபதிகளும் பெருநிலக்கிழாரும் மன்னராட்சி விட்டுச்சென்ற அதே மனிதர்கள். நாற்காலிகள் மாறின, அதிகாரத்தின் அத்திவாரம் மாறவில்லை.

உண்மையான திருப்பம் 1930 மார்ச்சில் நேர்ந்தது. உலகப் பொருளாதார நெருக்கடியின் சுமையை யார் தாங்குவது? வேலையற்றோர் காப்புறுதிக்கான கட்டணத்தைச் சற்று உயர்த்தும் பிரச்சினையில், முதலாளிமாரின் நலன் பேணிய மக்கள் கட்சியும் தொழிற்சங்கங்களைச் சார்ந்த சமூக ஜனநாயகக் கட்சியும் மோதின. ஹெர்மன் முல்லரின் கூட்டணி உடைந்தது. பாராளுமன்றப் பெரும்பான்மையுடன் ஆண்ட இறுதி மந்திரிசபை அதுவே.

அடுத்து வந்த புரூனிங், அரசியலமைப்பின் 48ஆம் உறுப்புரையைப் பற்றிக்கொண்டு ஜனாதிபதி ஹிண்டன்பர்க்கின் அவசர ஆணைகளால் ஆண்டார். ஜூலையில் ஓர் ஆணையை மன்றம் நிராகரித்ததும் மன்றமே கலைக்கப்பட்டது. செப்டம்பர்த் தேர்தலில் நாஜிகள் 12 ஆசனங்களிலிருந்து 107க்கு உயர்ந்தனர். சம்பளமும் நிவாரணமும் வெட்டப்பட்டன; 1932இன் தொடக்கத்தில் வேலையற்றோர் தொகை 60 இலட்சத்தைத் தாண்டிற்று. 1931இல் மன்றம் இயற்றிய சட்டங்கள் 34, அவசர ஆணைகள் 44. 1932இல் சட்டங்கள் ஐந்தே ஐந்து.

1932 ஜூனில் பாப்பனின் ‘பிரபுக்கள் மந்திரிசபை’ அமைந்தது. ஜூலை 20இல் அது பிரஷ்யாவின் சமூக ஜனநாயக அரசை ஆணையொன்றால் அகற்றியது. செப்டம்பர் 12இல் 512 உறுப்பினர் அதன்மீது நம்பிக்கையின்மை தெரிவித்தனர். ஆதரித்தோர் 42 பேர். அப்படியிருந்தும் அது நவம்பர்வரை பதவியில் நீடித்தது! மந்திரிசபையின் ஆயுளை நிர்ணயித்தது இப்போது ஜனாதிபதியின் அந்தரங்க வட்டமே.

நவம்பர்த் தேர்தலில் நாஜிகள் 230 ஆசனங்களிலிருந்து 196க்கு வீழ்ந்தனர். சமூக ஜனநாயகவாதிகள் 121, கம்யூனிஸ்டுகள் 100. இரு தொழிலாளர் கட்சிகளின் கூட்டுத்தொகை நாஜிகளை விஞ்சியது. ஆனால் முன்னவர் ‘சிறிய தீமை’ என்று புரூனிங்கைச் சகித்தனர். பின்னவர் முன்னவரைச் ‘சமூக பாசிஸ்டுகள்’ என்று தூற்றினர். அப்பிளவின் விலையை இருசாராருமே செலுத்தினர்.

1933 ஜனவரி 30இல் ஹிட்லர் பிரதமராக நியமிக்கப்பட்டான். அவனுடன் சேர்த்து அம்மந்திரிசபையில் நாஜிகள் மூவரே. ஏனையோரைக் கொண்டு அவனைக் கட்டிவைக்கலாமெனப் பழமைவாதிகள் கணக்கிட்டனர். மார்ச் 23இல் அவனுக்குச் சர்வாதிகாரம் வழங்கிய சட்டத்தை எதிர்த்து வாக்களித்தவர் 94 சமூக ஜனநாயகவாதிகள் மட்டுமே. கம்யூனிஸ்ட் உறுப்பினர்களின் ஆசனங்கள் வெறுமையாயிருந்தன. அவர்கள் சிறையிலோ தலைமறைவிலோ இருந்தனர்.

மக்கள் பிரதிநிதிகளின் வாக்கால் மந்திரிசபை வீழ்வதைக் கண்டு அஞ்சவேண்டியதில்லை. அவ்வாக்கு எதனையும் வீழ்த்த இயலாத நாள் வருமாயின், அன்றே அஞ்சுதல் வேண்டும். ஜேர்மனியில் அந்நாள் ஹிட்லருக்கு முன்னரே வந்துவிட்டது.