பதினஞ்சு வயசு மூப்பர்

போன சனிக்கிழமை காலைல கதவைத் தட்டுற சத்தம். திறந்தா ரெண்டு பசங்க. வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சுல கறுப்புப் பெயர்ப்பட்டை. பேருக்கு முன்னாடி 'எல்டர்'னு போட்டிருக்கு. அதாவது மூப்பர். மீசையே ஒழுங்கா முளைக்காத மூப்பர்கள்! வெயில் கொளுத்துதேன்னு உள்ளே கூப்பிட்டுத் தண்ணி குடுத்தேன். அவங்க சாமியைப் பத்தி ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி நான் முந்திக்கிட்டேன்: "வீட்டு ஞாபகம் வராதா?" ஒருத்தன் சிரிச்சான். இன்னொருத்தன் குனிஞ்சு ஷூவைப் பாத்தான்.

மோர்மன்னு நாம சொல்ற பிற்காலப் புனிதர் சபை ஆளுங்க இவங்க. (2018-ல இருந்து அந்தப் பட்டப்பேர் வேணாம்னு சபையே கேட்டுக்குது. பழக்கதோஷம், மன்னிக்கவும்.) பையன்கள் 18 வயசுல கிளம்பலாம். ரெண்டு வருஷம். எந்த ஊருன்னு சபைதான் முடிவு பண்ணும். எப்பவும் ஜோடியாத்தான் இருக்கணும், தனியா எங்கயும் போகக் கூடாது. 2019 வரைக்கும் வீட்டுக்கு போன் பண்ண அனுமதி வருஷத்துக்கு ரெண்டே தடவை, கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும். இப்ப வாராவாரம் பேசலாமாம்.

அவங்க போனதும் உக்காந்து படிக்க ஆரம்பிச்சதுல மாட்டினவர்தான் ஜோசப் எஃப். ஸ்மித். 1838-ல பிறந்தவர். சபையை ஆரம்பிச்ச ஜோசப் ஸ்மித்தோட அண்ணன் மகன். 1844 ஜூன் 27-ம் தேதி இல்லினாய்ஸ்ல கார்த்தேஜ் சிறைக்குள்ள ஒரு கும்பல் புகுந்து அப்பாவையும் சித்தப்பாவையும் சுட்டுக் கொன்னப்போ பையனுக்கு அஞ்சு வயசு. அம்மா மேரி ஃபீல்டிங், மாட்டுவண்டி கட்டி 1848-ல பிள்ளைகளை யூட்டாவுக்குக் கொண்டுவந்து சேத்தாங்க. 1852-ல அவங்களும் போயிட்டாங்க. பையனுக்கு 13 வயசு, கூட ஒரு தங்கச்சி. அந்தத் தங்கச்சியை அடிக்க வந்த வாத்தியாரை இவர் திருப்பி அடிச்சு, அதோட பள்ளிக்கூடம் முடிஞ்சுது. இதைப் பின்னாள்ல நண்பர் ஒருத்தர்கிட்ட அவரே சொல்லியிருக்கார்.

1854-ல சபை இவரை ஹவாய்க்கு அனுப்புச்சு. வயசு 15. அவரையும் 'எல்டர்' ஆக்கித்தான் அனுப்பினாங்க! கலிஃபோர்னியா வரைக்கும் தரைவழி. அங்க கப்பல் கூலிக்காக மரப்பட்டறையில வேலை. ஒருவழியா செப்டம்பர் 27-ம் தேதி ஹொனலூலுவில் கால் வெச்சார்.

ஹவாய் அப்ப அமெரிக்கா இல்லை, தனி ராஜ்யம். முந்தின வருஷம்தான், 1853-ல, பெரியம்மை வந்து ஆயிரக்கணக்கான பேர் செத்திருந்தாங்க. 1850 கடைசில வந்த முதல் மோர்மன் கோஷ்டியில பத்துப் பேர். வெள்ளைக்காரங்ககிட்டதான் பேசணும்னு வந்தவங்களுக்கு அங்க கேக்க ஆளில்லை, பாதிப்பேர் ஊர் திரும்பிட்டாங்க. தங்கினவங்கள்ல ஜார்ஜ் கேனன்ங்கிற இளைஞர், உள்ளூர் மொழியை உக்காந்து கத்துக்கிட்டார். அதுலதான் அந்த மிஷன் பிழைச்சுது.

நம்ம பையன் மவுயி தீவுக்குப் போனார். கைல காசு கிடையாது. சாப்பாடும் படுக்கையும் ஊர்க்காரங்க குடுத்தாத்தான். சேப்பங்கிழங்கை வேகவெச்சு இடிச்சு, தண்ணி விட்டுப் பிசைஞ்ச 'போய்'தான் அவங்க அன்றாட உணவு. இருக்கிறவங்களே ஏழைங்க, அதுலயும் இவருக்கு ஒரு பங்கு. நூறே நாள்ல ஹவாய் மொழி பேச வந்துடுச்சுன்னு அவர் சொல்வார். அற்புதம்னு சபைக்காரங்க சொல்வாங்க. எனக்கு என்னமோ, அந்த மொழியில கேட்டாத்தான் சோறுங்கிற நிலைமை வந்தா யாரா இருந்தாலும் கத்துப்பாங்கன்னு தோணுது.

அந்தக் காலத்துல அவர் கடுமையாக் காய்ச்சல்ல விழுந்தார். மஹுஹீங்கிற ஹவாய்ப் பொம்பளை தன் வீட்டுல வெச்சு, பெத்த பிள்ளை மாதிரி பாத்துக்கிட்டாங்க. அம்மா செத்து ரெண்டு மூணு வருஷம்தான் ஆகியிருந்த பையன்ங்கறதை நினைச்சுப் பாருங்க.

இதோட நிறுத்தினா நல்ல பக்திக் கதை. ஆனா 1856-57 வருஷத்து அவரோட நாட்குறிப்பு இருக்கே! (அதுக்கு முன்னாடி எழுதினது 1856-ல ஒரு தீ விபத்துல துணிமணியோட எரிஞ்சுபோச்சு.) அதுல பசி, தெள்ளுப்பூச்சி, அலுப்பு, ஊர் ஞாபகம்... கூடவே ஹவாய்க்காரங்களைப் பத்தி மட்டமான வார்த்தைகளும் இருக்கு. அழுக்கு, சோம்பேறின்னு. யார் வீட்டுச் சோறு தின்னாரோ அவங்களைத்தான். படிக்கறப்ப கோபம் வந்துச்சு. கொஞ்ச நேரத்துல, இங்க வந்த முதல் ஆறு மாசத்துல வீட்டுக்கு நான் எழுதின மெயில்கள் ஞாபகம் வந்து கோபம் அடங்கிடுச்சு.

யூட்டா மேல அமெரிக்க ராணுவம் படையெடுத்து வருதுன்னு 1857-ல திரும்ப வரச் சொல்லிட்டாங்க. வயசு 19 ஆகலை. ஆனா உறவு அறுந்துபோகலை. 1889-ல யூட்டாவுக்குக் குடியேறின ஹவாய் மோர்மன்களுக்கு ஸ்கல் வேலிங்கிற பொட்டல்ல நிலம் ஒதுக்கினாங்க. கடல்ல பிறந்து வளர்ந்த ஜனம், பனியும் உப்புக்காத்தும் அடிக்கிற பாலைவனத்துல. அந்த ஊருக்கு வெச்ச பேர் 'இயோசெபா'. ஜோசப்ங்கறதோட ஹவாய் உச்சரிப்பு, அதாவது நம்ம பையன் பேர். ஹவாயிலேயே லையேவுல கோயில் கட்டப் போறாங்கன்னு தெரிஞ்சதும் ஜனங்க ஊருக்குத் திரும்ப ஆரம்பிச்சு, 1917-ல ஊரே காலி. இப்ப அங்க மிச்சம் இருக்கறது கல்லறைகள்தான். அவரை அவங்க தேசத்துல தாங்கினாங்க. இவங்க தேசத்துல அவங்களுக்குக் கிடைச்சது அந்தப் பொட்டல். இந்தக் கணக்கு எனக்கு நேராகவே மாட்டேங்குது.

1901-ல அவர் சபைத் தலைவர் ஆனார். அப்புறம் ஒரு தடவை ஹொனலூலு வந்தப்ப, வரவேற்க வந்த கூட்டத்துல கண் தெரியாத ஒரு தொண்ணூறு வயசுப் பாட்டி, "இயோசெபா, இயோசெபா"ன்னு கூப்பிட்டுக்கிட்டே வந்தாங்களாம். கைல நாலு வாழைப்பழம். மஹுஹீதான். அவர் ஓடிப்போய்க் கட்டிக்கிட்டு அம்மா, அம்மான்னு அழுதார்னு கூட இருந்த நண்பர் எழுதி வெச்சிருக்கார்.

நாட்குறிப்புல எழுதினதை அந்தப் பாட்டி படிச்சிருக்க வாய்ப்பில்லை. படிச்சிருந்தாலும் வாழைப்பழத்தோட வந்திருப்பாங்கன்னுதான் தோணுது.

அந்த ரெண்டு பசங்களும் வர்ற சனிக்கிழமை திரும்ப வர்றதா சொல்லியிருக்காங்க. நான் மதம் மாறப்போறதில்லை, அது அவங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். இந்தத் தடவை தண்ணியோட விடாம ரசம் சாதம் போடலாம்னு இருக்கேன். மிளகு மட்டும் கொஞ்சம் கம்மியா :-)