பரம்பரை வருத்தம் என்றால் உடற்பயிற்சி வீணா?

“சீனி வருத்தம் எங்கட பரம்பரையிலேயே இருக்கு, நடந்து என்ன பிரயோசனம்?” கிளினிக் வரிசைகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. ஒன்றாக நடக்கத் தொடங்கிய இருவரில் ஒருவருக்கு உடல் இலகுவாகிவிடும். மற்றவருக்கு மாதங்கள் கழிந்தும் மாற்றம் தெரியாது. அப்போது அந்தப் பேச்சு உண்மை போலவே தோன்றும். அறிவியல் என்ன சொல்கிறது?

மரபணுவுக்குப் பங்கு உண்டு என்பது உண்மைதான். 1990களில் குளோட் புஷார்ட் தலைமையில் அமெரிக்காவிலும் கனடாவிலும் ‘ஹெரிடேஜ்’ குடும்ப ஆய்வு நடந்தது. பயிற்சிப் பழக்கம் இல்லாத 98 வெள்ளையினக் குடும்பங்களைச் சேர்ந்த 481 பேர், 20 வாரங்கள், வாரத்தில் மூன்று நாள் நிலைச் சைக்கிள் மிதித்தார்கள். உடல் ஒரு நிமிடத்தில் பயன்படுத்தக்கூடிய உச்ச ஒட்சிசன் அளவு சராசரியாகச் சுமார் 400 மில்லிலீற்றர் கூடியது. ஆனால் சிலருக்கு ஏறக்குறைய மாற்றமே இல்லை. சிலருக்கோ ஒரு லீற்றருக்கு மேல் கூடியது. இந்த வித்தியாசத்தில் 47 வீதம் வரை குடும்ப வழியாக வந்திருக்கலாம் என 1999இல் கணித்தார்கள். இந்தக் கணக்கு ஆட்களுக்கிடையிலான வித்தியாசத்தைப் பற்றியது. ஒருவர் பெறும் பலனில் பாதியை மரபணு தீர்மானிக்கிறது என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது.

அப்படியானால் பலன் கிடைக்காதவர்களின் கதி என்ன? சுவிற்சர்லாந்தின் சூரிச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் இதற்கு ஒரு பதில் தந்தார்கள். ஆரோக்கியமான 78 பேரைக் குழுக்களாகப் பிரித்து ஆறு வாரம் பயிற்சி கொடுத்தார்கள். வாரத்துக்கு 60 நிமிடம் மட்டும் செய்தவர்களில் 69 வீதமானோருக்கு முன்னேற்றம் இல்லை. 120 நிமிடம் செய்தவர்களில் அது 40 வீதமாகவும், 180 நிமிடத்தில் 29 வீதமாகவும் இறங்கியது. 240 நிமிடமும் அதற்கு மேலும் செய்தவர்களில் முன்னேற்றம் காணாதவர் எவருமில்லை. பின்தங்கியவர்களுக்கு வாரத்துக்கு மேலும் 120 நிமிடம் சேர்த்து இன்னும் ஆறு வாரம் பயிற்சி கொடுத்தபோது அவர்களும் முன்னேறினார்கள். பலருக்குக் குறை மரபணுவில் அல்ல, பயிற்சியின் அளவில்தான் இருந்தது.

சீனி வருத்தத்துக்கு வருவோம். அமெரிக்காவின் நீரிழிவுத் தடுப்பு ஆய்வில் நோய் வரும் ஆபத்திலிருந்த 3,234 பேர் பங்குபற்றினர். வாரத்துக்கு 150 நிமிடப் பயிற்சியும் உணவுக் கட்டுப்பாட்டால் 7 வீத எடைக் குறைப்பும் ஒரு குழுவின் இலக்கு. 2002இல் வெளியான முடிவின்படி, அக்குழுவில் நோய் புதிதாக வருவது 58 வீதத்தால் குறைந்தது. மெற்போமின் மாத்திரை எடுத்த குழுவில் 31 வீதம். பின்னர் ‘டிசிஎஃப்7எல்2’ என்ற மரபணுவையும் பரிசோதித்தார்கள். அதன் ஆபத்தான வடிவத்தை இரு பெற்றோரிடமிருந்தும் பெற்றவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு கூடுதலாகவே இருந்தது. ஆனால் வாழ்க்கை முறையை மாற்றிய குழுவில் அந்தக் கூடுதல் ஆபத்து பெருமளவு மங்கிவிட்டது. பரம்பரை ஆபத்து உள்ளவருக்குத்தான் பயிற்சி அதிகம் தேவை.

போரில் காலை இழந்தவரிடமும் உடம்பில் செல் துண்டுகளோடு வாழ்பவரிடமும் “தினமும் நடவுங்கள்” என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டி மாற்றுத்திறனாளிகளையும் உள்ளடக்கியது. வளர்ந்தவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான அசைவை அது பரிந்துரைக்கிறது. எவ்வளவு சிறிதானாலும் அசைவு நல்லது என்றும் சொல்கிறது. கதிரையில் இருந்தபடி கைகளைச் சுழற்றலாம், தண்ணீர்ப் போத்தலைத் தூக்கி இறக்கலாம். தோட்ட வேலையும் கணக்கில் சேரும்.

சீனி வருத்தம் உள்ளவர்கள் பாதத்தையும், செயற்கைக் கால் அணிபவர்கள் அது உரசும் இடத்தையும் தினமும் பார்க்க வேண்டும். புண் கண்டால் வைத்தியரிடம் காட்ட வேண்டும். மருந்தைத் தாமாக நிறுத்தக்கூடாது. தராசு முள் அசையவில்லை என்பதற்காக பயிற்சியையும் கைவிடக்கூடாது. எடை குறையாதவருக்கும் சீனியோ பிரஷரோ குறையலாம், நித்திரை சீராகலாம். மூன்று மாதம் செய்தும் எதுவும் மாறவில்லையா? பரம்பரையைக் குறை சொல்வதற்கு முன், வாரத்துக்கு எத்தனை நிமிடம் செய்தோம் என்று எண்ணிப் பாருங்கள்.