போத்தனூர் அம்மாவின் பிள்ளை

போன வாரம் நம் தியாகதுருகம் மலைக்கோட்டையைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு, பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் பழைய மாணவர் ஒருவர், "ஐயா, எங்க துறைக்கும் நம்ம பக்கத்துக்கும் பழைய தொடர்பு ஏதாவது இருக்கா?" என்று கேட்டிருந்தார். இருக்கிறது. கொஞ்சம் மேற்கே போக வேண்டும், அவ்வளவுதான்.

சேலத்தில் ரயிலேறிப் பாலக்காடு பக்கம் போனவர்கள் கோவை தாண்டியதும் போத்தனூர் ஜங்ஷனைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் போத்தனூரில் 1881 நவம்பரில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. பெயர் எத்தல் சாரா ஸ்டோனி. அப்பா மெட்ராஸ் ரயில்வேயில் பொறியாளர், பிறகு தலைமைப் பொறியாளர் ஆனவர். குன்னூரில் வீடு. 1907-இல் தாய்நாடு திரும்பும் வழியில், பசிபிக் கடலில் கப்பலில், ஜூலியஸ் டூரிங் என்பவரைத் தற்செயலாகச் சந்தித்தார். அவரும் நம் சென்னை மாகாணத்தில் ஐ.சி.எஸ். அதிகாரிதான். ஒரே மாகாணத்தில் இருந்தவர்களுக்கு நடுக்கடலில் அறிமுகம்! அந்த ஆண்டே கல்யாணம். மூத்த மகன் ஜான் 1908-இல் குன்னூரில் பிறந்தான். இளையவன் ஆலன் 1912 ஜூன் 23 அன்று லண்டனில்.

ஆலன் டூரிங் இந்தியாவைப் பார்த்ததே இல்லை. ஒன்றேகால் வயதில் அவனை இங்கிலாந்தில் ஓய்வு பெற்ற ராணுவ அதிகாரி ஒருவர் வீட்டில் விட்டுவிட்டு அம்மா இந்தியாவுக்குக் கப்பலேறினார். அந்தக் கால வெள்ளைக்கார அதிகாரி வீடுகளில் அதுதான் வழக்கம்.

1936-இல் அவர் எழுதிய ஒரு கட்டுரைதான் இன்றைய கணினியின் வேர். கட்டம் போட்ட தாளில், கொடுத்த விதிப்படி மட்டும் எழுதி அழித்துக் கணக்குப் போடும் ஒரு கணக்குப்பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் செய்வதையெல்லாம் ஒரே இயந்திரம் செய்யும், விதியை மாற்றிக் கொடுத்தால் வேலையும் மாறும் என்றார் டூரிங். உங்கள் கையில் இருக்கும் போன் அதுதான்.

சரி, இவரை வழியில் பார்த்தவர்கள் என்ன பார்த்தார்கள்? எனக்கு இதுதான் சுவாரசியம்.

போர்க்காலத்தில் பிளெட்ச்லி பார்க் என்ற இடத்தில் ஜெர்மானியரின் ரகசியச் சங்கேதங்களை உடைக்கும் வேலையில் இருந்தார். ஜூன் மாதத்தில் பூந்தாது ஒத்துக்கொள்ளாது. அதனால் விஷவாயு முகமூடியை மாட்டிக்கொண்டு சைக்கிளில் வேலைக்குப் போவார். அந்தச் சைக்கிளின் செயின் அடிக்கடி கழன்றுவிடும். பழுது பார்க்க மாட்டார். பெடல் சுற்றுகளை எண்ணிக்கொண்டே போய், கழலும் நேரத்துக்குச் சரியாக இறங்கிச் செயினைச் சரிசெய்வார். தெருவில் பார்த்தவர்களுக்கு இது யாரோ ஒரு கிறுக்கு.

போர் முடிந்து லண்டன் அருகே டெடிங்டனில் வேலை பார்த்தபோது, மாலையில் ஓடிக்கொண்டிருந்த வால்டன் தடகளச் சங்கத்தினர் முதலில் அவரைப் பார்க்கவில்லை, கேட்டார்கள். பயங்கரமாக முனகிக்கொண்டு ஒருவர் ஓடி வந்து, பேசுவதற்குள் கடந்து போய்விட்டார். சில நாள் கழித்து எப்படியோ கூடவே ஓடி, எந்தச் சங்கம் என்று கேட்டார்கள். எதுவும் இல்லை என்றதும் சேர்த்துக்கொண்டார்கள். 1947-இல் மராத்தானை 2 மணி 46 நிமிடத்தில் ஓடி முடித்தார். அடுத்த ஆண்டு ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவரின் நேரத்தைவிடச் சுமார் 11 நிமிடம்தான் கூடுதல். அந்தச் சங்கத்தாருக்கு அவர் நல்ல ஓட்டக்காரர். போரில் என்ன செய்தார் என்பதை அவரும் சொல்ல முடியாது, சட்டப்படி வாய்ப்பூட்டு.

1951 டிசம்பரில், மான்செஸ்டர் ஆக்ஸ்ஃபோர்டு தெருவில், ஒரு சினிமா கொட்டகை அருகே 19 வயது இளைஞன் ஒருவனைத் தற்செயலாகச் சந்தித்தார். பழக்கம் ஏற்பட்டது. அடுத்த மாதம் வீட்டில் திருட்டு. போலீசுக்குப் போனவரே இவர்தான். விசாரணையில் அந்த உறவை மறைக்காமல் சொல்லிவிட்டார். திருட்டு வழக்கு ஓரமாகப் போய், இவர் குற்றவாளி ஆனார். ஆணும் ஆணும் உறவு கொள்வது அங்கே அப்போது குற்றம். சிறை வேண்டாமென்றால் ஹார்மோன் ஊசி என்றார்கள். ஓராண்டு அதை ஏற்றுக்கொண்டார். 1954 ஜூன் 7 அன்று சயனைடால் இறந்தார். வயது 41. போரில் இந்த மனிதரைப் பயன்படுத்திக்கொண்ட அரசு இப்படிச் செய்ததை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. பிரதமர் மன்னிப்புக் கேட்டது 2009-இல். நாமும் அவர்களைக் குறை சொல்லிவிட்டுப் போக முடியாது. வெள்ளைக்காரன் 1860-இல் எழுதிவைத்த 377-ஆம் பிரிவிலிருந்து இத்தகைய உறவை நம் உச்ச நீதிமன்றம் விடுவித்தது 2018 செப்டம்பர் 6 அன்றுதான்.

மரண விசாரணையில் தற்கொலை என்று தீர்ப்பு. அம்மா ஒப்பவில்லை. பிள்ளை வீட்டிலேயே சயனைடு வைத்து முலாம் பூசும் சோதனை செய்வான், கையை ஒழுங்காகக் கழுவ மாட்டான், விபத்துதான் என்று கடைசிவரை சொன்னார். பிள்ளையைப் பற்றி 1959-இல் ஒரு புத்தகமும் எழுதினார். அதில் போர்க்கால வேலையைப் பற்றி அவரால் எழுத முடிந்தது மிகக் கொஞ்சம், ஏனென்றால் அவருக்கே யாரும் சொல்லவில்லை. பிளெட்ச்லி ரகசியம் ஊரறிய வெளிவரத் தொடங்கியது 1974-இல். அப்போது போத்தனூரில் பிறந்த அந்த அம்மாவுக்கு வயது தொண்ணூறைத் தாண்டியிருந்தது. 1976-இல் காலமானார்.