மடமையில் பிறந்த ‘நைஸ்’

ஆங்கிலம் கற்கத் தொடங்கும் மாணவர் முதல் சில வாரங்களிலேயே மனப்பாடம் செய்துவிடும் சொற்களுள் ‘நைஸ்’ ஒன்று. நல்ல, இனிய, அன்பான என்று பொருள் எழுதிக்கொண்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுகிறார். வீட்டுக்கு வந்தால் அதே சொல் வேறு வேலை செய்துகொண்டிருக்கிறது. ‘தேங்காயை நைஸா அரை’ என்கிறார் அம்மா. ‘பந்தியில பாயசம் முடிஞ்சதும் நைஸா நழுவிட்டான்’ என்கிறார் மாமா. இந்த மூன்று வழக்குகளும் எங்கே சேர்கின்றன, எங்கே பிரிகின்றன என்பதைத் தேடும்போது சுமார் 700 ஆண்டுகளின் பொருள் மாற்றம் ஒன்று தெரியவருகிறது.

சொல்லின் மூலம் இலத்தீன். ‘ஸ்கீரே’ என்றால் அறிதல். அதற்கு எதிர்மறை முன்னொட்டுச் சேர்ந்த ‘நெஸ்கியுஸ்’ அறியாதவன் என்று பொருள்படும். ‘சயின்ஸ்’ என்னும் சொல்லும் அதே ‘ஸ்கீரே’ வழியில் வந்ததுதான். இலத்தீனின் இன்னொரு மகளான ஸ்பானிய மொழியில் ‘நெஸியோ’ இன்றும் முட்டாளைத்தான் குறிக்கிறது. பழைய பிரெஞ்சு வழியாக 1300ஐ ஒட்டி இச்சொல் ஆங்கிலத்துக்கு வந்தபோதும் பொருள் அதுவே. 14ஆம் நூற்றாண்டுக் கவிஞர் சாஸர் ஒருவரை ‘நைஸ்’ என்றால், பெரும்பாலும் அவரைப் பேதை என்கிறார் என்று கொள்ள வேண்டும்.

பேதைமையைக் குறித்த சொல் இனிமையைக் குறிக்கும் நிலைக்கு எப்படி வந்தது? தமிழ் இலக்கணம் படித்தவருக்கு இதில் பெரிய வியப்பு இருக்காது. அச்சம், மடம், நாணம், பயிர்ப்பு என்று பெண்மைக்கு நான்கு குணங்களைச் சொன்ன மரபு நம்முடையது. அவற்றுள் ‘மடம்’ என்பதன் அடிப்பொருள் அறியாமை. ஆனால் அந்த வரிசையில் நிற்கும்போது அது இழிவாக ஒலிப்பதில்லை. கள்ளமற்ற மென்மையாக ஒலிக்கிறது. ‘மடமை’ வசையாக இருக்கும்போதே ‘மடம்’ அழகாகிவிட்டது. அந்தக் கருத்தோடு இன்று எனக்கு உடன்பாடு இல்லை. ஆனாலும் அறியாமை, கூச்சம், மென்மை ஆகியவை மக்கள் மனத்தில் ஒன்றையொன்று தொட்டு நிற்பவை என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது. ‘நைஸ்’ நடந்த பாதையும் இதுதான். அறியாதவர் கூச்சப்படுவார், கூச்சப்படுபவர் எதையும் எளிதில் ஏற்காமல் ஒதுங்குவார், எளிதில் ஏற்காதவர் ஒவ்வொன்றையும் ஆராய்ந்து பொறுக்குவார். 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் ‘எதிலும் குறை காண்பவர்’ என்ற பொருளும், 15ஆம் நூற்றாண்டில் ‘மென்மையான’ என்ற பொருளும், 16ஆம் நூற்றாண்டில் ‘துல்லியமான’ என்ற பொருளும் வழக்குக்கு வந்துவிட்டன.

புதிய பொருள் வந்ததும் பழையது விலகிவிடவில்லை. பல தலைமுறைகள் எல்லாம் ஒரே வீட்டில் குடியிருந்தன. 16, 17ஆம் நூற்றாண்டு எழுத்துகளில் ஆசிரியர் எந்தப் பொருளில் எழுதினார் என்று உறுதி செய்வது பல இடங்களில் கடினம் என்பதை ஆக்ஸ்ஃபோர்டு அகராதியே ஒப்புக்கொண்டிருக்கிறது. ஷேக்ஸ்பியரின் ரோமியோ ஜூலியட் நாடகத்தில் ரோமியோவுக்குப் போய்ச் சேராத கடிதத்தைத் துறவி லாரன்ஸ் ‘நைஸ்’ ஆனது அல்ல என்கிறார். கடிதம் நன்றாக இல்லை என்று இன்றைய மாணவர் எண்ணக்கூடும். அற்பமான கடிதம் அல்ல, மிக முக்கியமானது என்பதுதான் துறவியின் கலக்கம். அந்த ஒரு சொல்லைத் தவறாகப் படித்தால் கதையின் திருப்புமுனையே மங்கிப்போகும்.

சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட அகராதியில் முதலிடம் நுட்பமான துல்லியத்துக்கு. ‘இனிய’ என்ற பொதுப்பொருள் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பேச்சில் பரவியது. ஜேன் ஆஸ்டினின் ‘நார்த்தாங்கர் அபி’ நாவல் இதற்கு நல்ல சாட்சி. 1817 இறுதியில் வெளிவந்த அந்நாவலில், ஒரு புத்தகத்தை ‘நைஸ்’ என்று பாராட்டும் கேதரினை ஹென்றி டில்னி சீண்டுகிறான். ஆதியில் நேர்த்தி, நயம் ஆகியவற்றுக்கே உரியதாக இருந்த சொல் இப்போது எல்லாவற்றுக்கும் பொருந்தும் ஒற்றைப் பாராட்டாகிவிட்டது என்பது அவன் வாதம். அவன் ஆதி என்று காட்டுவது சொல்லின் இடைக்கட்டத்தை. உண்மையான ஆதியில் நேர்த்தியும் இல்லை, நயமும் இல்லை. மொழி கெட்டுவிட்டது என்று வருந்துவோர் பலரும் தம் தாத்தா காலத்தையே தொடக்கமாக எடுத்துக்கொள்கிறார்கள். 1926இல் பௌலர் தம் ஆங்கில வழக்குக் கையேட்டில் இச்சொல் தனித்தன்மை இழந்து மங்கிவிட்டதாகக் குறைப்பட்டு, அதற்குப் பெண்களைப் பொறுப்பாக்கினார். பொருள் மங்கியது உண்மை, பழியில் நியாயமில்லை.

பேதைமையிலிருந்து இனிமைக்கு ஏறிய இவ்வகை மாற்றத்தை நம் மொழியியல் நூல்கள் உயர்பொருட்பேறு என்கின்றன. நறுமணத்தையும் குறித்த ‘நாற்றம்’ துர்நாற்றமாகச் சுருங்கியது இழிபொருட்பேறு. ஆங்கிலத்திலேயே பேறுபெற்றவரைக் குறித்த ‘ஸில்லி’ முட்டாள்தனத்தைக் குறிக்கும் சொல்லாக இறங்கியது.

இன்றைய ஆங்கிலத்தில் ஆளைக் குறித்தால் ‘அன்பான’, பொருளையோ இடத்தையோ குறித்தால் ‘இனிய’ என்று கொள்ளலாம். ‘தி ரூம் இஸ் நைஸ் அண்ட் வார்ம்’ என்றால் இதமான வெதுவெதுப்பு. பெயர்ச்சொல்லுக்கு முன்னே வைத்தால் இயல்பாக வருவது ‘எ நைஸ் வார்ம் ரூம்’. பழைய துல்லியப் பொருளும் முழுதாகச் சாகவில்லை. சட்ட எழுத்தில் ‘எ நைஸ் பாயின்ட்’ என்று வந்தால் நுட்பமாகப் பிரித்துப் பார்க்க வேண்டிய சிக்கல் என்று பொருள். அதை ‘நல்ல கருத்து’ என்று மொழிபெயர்த்தால் வாதமே தடம் மாறும். ‘நைசிட்டி’ என்னும் பெயர்ச்சொல்லிலும் அந்த நுட்பம் நிற்கிறது.

தமிழ் ‘நைஸ்’ இந்த நேர்கோட்டில் அடங்காது. ‘நைஸா அரை’ என்பது ஆங்கிலச் சொல்லின் பழைய மென்மைப் பொருள் இங்கே தங்கிவிட்டதன் அடையாளம் என்று சொல்லத் தோன்றும். நான் அப்படிக் கருதவில்லை. ஆங்கிலம் நம் அடுக்களைவரை வந்த காலத்தில் அந்தப் பொருள் அங்கேயே தேய்ந்துவிட்டது. நம்மிடமோ ‘நை’ என்னும் வினை முன்பே இருந்தது. நைய இடித்தல், நைய அரைத்தல் என்பவை மருந்துப் பக்குவத்திலும் சமையலிலும் புழங்குபவை. ஆங்கில ஒலி அதன்மேல் வந்து உட்கார்ந்தது என்பதே பொருத்தமான விளக்கம்.

இன்னொரு வழக்குக்கு ‘நைச்சியம்’ துணைநின்றது என்பது என் கருத்து. ‘நீச’ என்னும் வடசொல் அடியாகப் பிறந்த இது தாழ்மையைக் குறிக்கும். அடியவர் தம்மைச் சிறியோராக்கி இறைவன்முன் நிற்பதை வைணவ மரபு நைச்சியானுசந்தானம் என்கிறது. கோயிலைவிட்டுத் தெருவுக்கு இறங்கியதும் அது பணிவு காட்டிக் காரியம் சாதிப்பதாயிற்று. ‘நைச்சியமாப் பேசி வாங்கிட்டான்’ என்பதற்கும் ‘நைஸா பேசி வாங்கிட்டான்’ என்பதற்கும் இடையே எவ்வளவு தூரம்? பேச்சில் இருக்கும் அந்தத் தந்திரம் நடைக்கும் நீண்டால் ‘நைஸா நழுவிட்டான்’.

ஆகவே திருடன் நழுவிப்போனதை மாணவர் ‘தி தீஃப் நைஸ்லி எஸ்கேப்ட்’ என்று எழுதினால், திருடன் தப்பியதில் எழுதியவருக்கு மகிழ்ச்சி என்று ஆங்கிலேயர் படிக்கக்கூடும். ‘ஸ்லிப்ட் அவே’ என்று திருத்த வேண்டும். அரைத்த மாவுக்கு ‘ஃபைன்’ போதும். திருத்தும் ஆசிரியர் ஒன்றையும் சேர்த்துச் சொல்லலாம்: அந்த மாணவர் ஆங்கிலச் சொல்லை அரைகுறையாகக் கற்றதால் இப்படி எழுதவில்லை, நைச்சியத்தை மொழிபெயர்த்திருக்கிறார்.