வளன் என்னும் பெயர்

வடக்குத்தில் ஒரு மாலை, கோயிலுக்குப் பெயர் சூட்டுவது பற்றிப் பேச்சு எழுந்தது. "விவிலியப் பெயராகவே இருக்கட்டும், சாமி" என்றார் ஓர் இளைஞர். நியாயமான வேண்டுகோள். ஆனால் விவிலியப் பெயர் என்பது யாது?

பவுலடியார் காலத்தில் ஆலயக் கட்டடங்களே இல்லை. கொரிந்து, தெசலோனிக்கா என ஊர்ப்பெயராலும், பிரிஸ்கா, அக்கிலா ஆகியோரின் வீட்டாலும் திருச்சபை அறியப்பட்டது. கூடிவந்த மக்களே திருச்சபை. புனிதர் பெயரால் ஆலயங்களை அழைக்கும் மரபு பின்னர் வளர்ந்தது. நேர்ந்தளிப்புக்குப் பின் அப்பெயரை மாற்ற இயலாது என்கிறது 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் (எண் 1218). எனவே அவசரம் ஆகாது.

இதில் நமக்கு வழிகாட்டி அருகிலேயே இருக்கிறார். விருத்தாசலத்தை அடுத்த கோணான்குப்பத்தில் அன்னை மரியாவுக்குக் கோயில் எழுப்பிய வீரமாமுனிவர் (1680–1747), 'பெரியநாயகி' என்று அன்னைக்குப் பெயர் சூட்டினார். விவிலியத்தில் இல்லாத சொல் அது. ஆயினும் ஆண்டவரின் தாய் என எலிசபெத்து போற்றிய பெருமை அதனுள் இருக்கிறது. சூசையப்பரைப் பாடிய 3615 பாடல்கள் கொண்ட தேம்பாவணியில் யோசேப்பை 'வளன்' என்றார். தொடக்க நூலில் ராகேல், ஆண்டவர் இன்னொரு மகனையும் சேர்த்தருள வேண்டி மகனுக்கு யோசேப்பு என்று பெயரிட்டாள் (30:24). பெருகுதல் என்னும் அப்பொருளே 'வளன்' ஆயிற்று. ஒலியை விடுத்துப் பொருளைக் கொணர்ந்தார் முனிவர்.

நெய்வேலியில் 1956-இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றியது. சுரங்கத்திற்காகப் பல சிற்றூர் மக்கள் நிலமும் வீடும் விட்டுப் பெயர்ந்தனர். நாட்டுக்கு ஒளி பெருகியது. அவர்களுக்கோ பிறந்த மண் இல்லாமற் போயிற்று. யோசேப்பும் இரவோடு இரவாகக் குழந்தையுடன் எகிப்துக்குப் பெயர்ந்தவரே. கைத்தொழிலால் குடும்பம் காத்தவரே. திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1955-இல் மே முதல் நாளைத் தொழிலாளரான புனித யோசேப்பின் விழாவாக ஏற்படுத்தினார்.

அந்த இளைஞருக்கு நான் சொன்னது இதுவே: தம்பி, பெயர் விவிலியத்தில் இருந்தால் மட்டும் போதாது. மண்ணை இழந்தவரும் ஒப்பந்தக் கூலியாளரும் அப்பெயரைக் கேட்டு, 'இது எம் வீடு' என்று உள்ளே வர வேண்டும். அவர்களுக்கு முன்வரிசையில் இடமில்லையேல், எப்பெயர் சூட்டினும் அது வெறும் பலகையே. சிந்திப்போம்.