எல்லைச் சண்டையும் டீக்கடை பெஞ்சும்: 1962 போரின் காரணம் தேடிய கொங்கு நெசவு வட்டாரம்

திருப்பூரை அடுத்த மங்கலத்திலிருந்து இமயமலை எல்லை இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல். நொய்யல் கரையில் தறி ஓட்டியவருக்கும் திருப்பூரில் பனியன் தைத்தவருக்கும் மக்மோகன் கோட்டோடு நேரடியாக எந்தக் கொடுக்கல் வாங்கலும் கிடையாது. இருந்தும், 1962 அக்டோபர் 20 அன்று சீனப் படை லடாக்கிலும் வடகிழக்கு எல்லையிலும் தாக்கத் தொடங்கியபின், சண்டை எதனால் வந்தது என்ற கேள்வி கோவை, திருப்பூர், பல்லடம் வட்டாரத்தின் செங்கொடி இயக்கத்தையே இரண்டாக்கும் அளவுக்கு வளர்ந்தது. இந்தப் போரின் வரலாற்றை எழுதியவர்கள் பெரும்பாலும் பிரதமர் நேரு, பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனன், சீனப் பிரதமர் சூ என்லாய் ஆகியோரின் முடிவுகளைச் சுற்றியே எழுதியிருக்கிறார்கள். போரைப் பற்றி வாதிட்ட சாதாரண மக்களும் அந்த வரலாற்றில் பங்குள்ளவர்கள்தான்.

அன்றைய சென்னை மாநிலத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர். ஆகவே செய்தித்தாளை ஒருவர் வாசிக்க, பத்துப் பேர் கேட்பது வழக்கம். டீக்கடையிலும் சலூனிலும் பேப்பரைத் தாள் தாளாகப் பிரித்துக்கொள்வார்கள். முதல் பக்கம் சத்தமாக வாசிக்கத் தெரிந்தவர் கைக்குப் போகும். 1942-இல் மதுரையில் தொடங்கிய தினத்தந்தி, பெரிய எழுத்துத் தலைப்பும் சின்னச் சின்ன வாக்கியமுமாக இந்த வாசிப்புக்கு ஏற்றபடி அமைந்திருந்தது. 1937 முதல் வந்த கம்யூனிஸ்ட் ஏடான ஜனசக்தி, திராவிட முன்னேற்றக் கழகத்தின் படிப்பகங்கள், பஞ்சாயத்து ரேடியோவில் வந்த ஆகாசவாணிச் செய்தி என்று வேறு வாசல்களும் இருந்தன. சத்தமாக வாசிக்கும்போது கேட்பவர் இடைமறிக்க முடியும். தவாங், பொம்டிலா, சுசுல் என்று வாயில் நுழையாத பெயர்கள் வரும்போது, அது எங்கே இருக்கிறது, யாருடைய நிலம், கோட்டைக் கிழித்தது யார் என்று கேட்காமல் இருக்க முடியாது. காரணத்தைத் தேடும் பழக்கத்துக்கு இந்தக் கூட்டு வாசிப்பே விதை என்பது என் முடிவு.

பதில்கள் ஒரே இடத்திலிருந்து வரவில்லை. 1914 சிம்லா மாநாட்டில் பிரிட்டிஷார் வகுத்த மக்மோகன் கோட்டைப் பீக்கிங் ஏற்கவில்லை. 1950-இல் சீனப் படை திபெத்துக்குள் நுழைந்தது. 1954-இல் பஞ்சசீல ஒப்பந்தம் கையெழுத்தானது. 1956 டிசம்பரில் சூ என்லாய் சென்னைக்கும் மாமல்லபுரத்துக்கும் வந்து வரவேற்பு பெற்றுப்போனார். அடுத்த ஆண்டே அக்சாய் சின் வழியாகச் சீனா சாலை போட்டு முடித்த செய்தி வெளிப்பட்டது. 1959 மார்ச்சில் தலாய் லாமா இந்தியாவில் தஞ்சம் புகுந்தார்; அதே ஆண்டு எல்லையில் லோங்ஜுவிலும் கொங்கா கணவாயிலும் துப்பாக்கிச் சூடு நடந்தது. 1961 நவம்பரில் இந்தியா முன்னேறிச் சென்று காவல் நிலைகள் அமைக்க முடிவெடுத்தது. இவற்றில் எதை முதல் கண்ணியாகப் பிடிக்கிறோமோ அதற்கேற்பக் குற்றவாளி மாறுவார். காங்கிரஸ்காரர் நட்பு பேசி முதுகில் குத்திய கதையாகச் சொன்னார். ராஜாஜியின் சுதந்திரா கட்சி, அணிசேராக் கொள்கையே தவறு என்றது. கம்யூனிஸ்ட்களில் ஒரு சாரார், வெள்ளைக்காரன் விட்டுப்போன எல்லைத் தகராறைப் பேசித்தான் தீர்க்க வேண்டும் என்றனர். நவம்பர் 21 அன்று சீனா தானாகவே போர்நிறுத்தம் அறிவித்துப் பின்வாங்கியபோது புதிய முடிச்சு ஒன்று விழுந்தது. வென்ற படை ஏன் திரும்பிப் போகிறது? இதற்கு எந்தத் தரப்பிடமும் ஆயத்தமான விடை இல்லை.

கொங்கு நாட்டுக் குடும்பம் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். திருச்செங்கோட்டுப் பக்கத்துக் குமாரமங்கலம் ஜமீனைச் சேர்ந்த ப. சுப்பராயன் நேருவின் அமைச்சரவையில் இருந்தவர். அவர் மகன் பி.பி. குமாரமங்கலம் ராணுவ அதிகாரி. பிற்பாடு தரைப்படைத் தலைமைத் தளபதி ஆனார். மகள் பார்வதி கிருஷ்ணன் 1957-இல் கோவையில் வென்ற கம்யூனிஸ்ட் நாடாளுமன்ற உறுப்பினர். இன்னொரு மகன் மோகனும் கம்யூனிஸ்ட். அரசும் படையும் செங்கொடியும் ஒரே வீட்டில் இருந்தன. செங்கொடி பிடித்தவர் எல்லாம் சீனாவின் ஆள் என்று அன்று மேடைகளில் எழுந்த கூச்சலுக்கு இந்த வீடே போதிய மறுப்பு.

ஆனால் அந்தக் கூச்சல் சட்டத்தின் துணையோடு வந்தது. அக்டோபர் 26 அன்று நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது; இந்தியப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. நவம்பர் முதல் நாளில் கம்யூனிஸ்ட் கட்சியின் தேசியக் கவுன்சில் சீனாவின் ஆக்கிரமிப்பைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது. அதன்பிறகும் அந்த மாதத்திலேயே கட்சியின் இடதுசாரிப் பிரிவினர் நாடெங்கும் கைதானார்கள். போருக்குக் காரணம் என்ன என்று கேட்பதும், நாட்டின்மீது பற்று உண்டா என்று சோதிப்பதும் இரண்டு வேறு காரியங்கள். அவற்றை ஒன்றாக்கியதுதான் அக்காலத்தின் பெரிய அநீதி என்று நான் கருதுகிறேன். கோடு எப்படி வந்தது என்று விசாரித்த தொழிலாளி, தன் ஊர் இளைஞன் எல்லையில் சாக வேண்டும் என்று விரும்பியவன் அல்லன்.

தி.மு.க. வேறு வழியில் போனது. விலைவாசிப் போராட்டத்துக்காக வேலூர்ச் சிறையில் இருந்த அண்ணா, வெளியே வந்ததும் போர் முயற்சிக்கு ஆதரவு தந்தார். 1963-இல் திராவிட நாடு கோரிக்கை கைவிடப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் பிரிவினைக்கு எதிரான பதினாறாவது அரசியல் சட்டத் திருத்தம் வந்தது. நெருக்கடி நிலையோ 1968 ஜனவரி வரை நீடித்தது. 1965 பிப்ரவரியில் திருப்பூரிலும் ரத்தம் சிந்திய இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின்போது, கருணாநிதியைப் பாளையங்கோட்டைச் சிறைக்கு அனுப்பப் பயன்பட்டது சீனப் போருக்காகப் போட்ட அதே பாதுகாப்புச் சட்டம்தான். தமிழ்நாட்டு மக்களுக்கு அந்தப் போரின் விளைவு கைக்கெட்டும் தூரத்துக்கு வந்தது இப்படித்தான்.

போர் முடிந்த மறு ஆண்டு, சிவாஜியும் சாவித்திரியும் நடித்த 'இரத்தத் திலகம்' வந்தது. எல்லைச் சண்டையைக் காதலும் தியாகமுமாகக் காட்டிய படம். வரைபடத்தையும் ஒப்பந்தத்தையும் விளக்குவது அதன் வேலையாக இல்லை. அதே 1963 ஆகஸ்டில் பீக்கிங் வானொலி தமிழில் பேசத் தொடங்கியது. சிற்றலை பிடிக்கும் ரேடியோப் பெட்டி இருந்த வீட்டில், எதிரி நாட்டின் வாதத்தை அதன் வாயாலேயே தாய்மொழியில் கேட்கலாம் என்ற நிலை வந்தது. காரணம் தேடியவர்களுக்கு அது பெரிய மாற்றம்.

கம்யூனிஸ்ட் கட்சிக்குள் எரிந்த நெருப்பு 1964-இல் வெடித்தது. சித்தாந்தத் தகராறு முன்பே இருந்தது. எல்லைப் போர் அதை ஒட்ட முடியாத விரிசலாக்கியது. ஏப்ரலில் தேசியக் கவுன்சிலிலிருந்து வெளியேறிய 32 பேரில் பி. ராமமூர்த்தி, எம்.ஆர். வெங்கட்ராமன், என். சங்கரய்யா ஆகியோரோடு கோவைத் தொழிற்சங்கத் தலைவர் கே. ரமணியும் இருந்தார். பிளவின் தடத்தைக் கோவை மக்களவைத் தொகுதி அப்படியே காட்டுகிறது. 1967-இல், வெளியேறியவர்கள் அமைத்த மார்க்சிஸ்ட் கட்சியின் ரமணி வென்றார். 1971-இல் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் கே. பாலதண்டாயுதம் வென்றார். பாலதண்டாயுதமும் மோகன் குமாரமங்கலமும் 1973 மே மாதம் டெல்லி விமான விபத்தில் ஒன்றாக இறந்தார்கள். இடைத்தேர்தலில் தொகுதி மீண்டும் பார்வதி கிருஷ்ணனிடம் வந்தது.

1970-இல் மார்க்சிஸ்ட் கட்சி சார்ந்த தொழிற்சங்கமான சி.ஐ.டி.யு. உருவானபின், ஆலைவாசல்களில் இரண்டு செங்கொடிகள் பறந்தன. எந்தக் கொடி என்று தேர்ந்தெடுத்த தொழிலாளிக்கு இமயமலை ஞாபகம் வந்திருக்க வேண்டிய அவசியமில்லை. கூலியும் போனஸும் முன்னால் நின்றன. 1984-இல் பஞ்சப்படி கேட்டுத் திருப்பூர் பனியன் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தபோது, இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி சார்ந்த ஏ.ஐ.டி.யு.சி.யும் சி.ஐ.டி.யு.வும் ஒரே களத்தில் நின்றன.