விம்பிள்டன் புல்வெளியும் நாகர்கோவில் மைந்தரும்

சென்ற ஆண்டு விழாவில் நம் சங்கத்துச் சிறுவர்க்கு வைத்த பொது அறிவுப் போட்டியில் ஒரு சிறு பூசல் எழுந்ததை அன்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். விம்பிள்டன் இளையோர் பட்டத்தை வென்ற முதல் ஆசியர் யார் என்பது வினா. இராமநாதன் கிருஷ்ணன் என்று இரு பிள்ளைகள் ஒருங்கே விடையளித்தனர். அவர் எந்நாட்டவர் என்று துணை வினா எழுப்பியதும், ஒருவன் தமிழ்நாடு என்றான். மற்றவள் அவர் பிறந்தபோது அவ்வூர் திருவிதாங்கூரில் இருந்தது என்றாள். நடுவராய் இருந்த பெரியவர் இருவரையும் அமர்த்திவிட்டு அடுத்த வினாவிற்குச் சென்றுவிட்டார். அன்று தீராத அவ்வழக்கை இம்மலரின் வாயிலாக ஆராய நாம் எண்ணினோம். ஆனால் அதற்கு முன், அவர் ஆடிய அப்புல்வெளியின் வரலாற்றைச் சிறிது சொல்லுதல் வேண்டும்.

பழைய டென்னிஸ் மன்னர்கள் மாளிகைச் சுவர்களுக்குள் ஆடிய ஆட்டம். அது புல்தரைக்கு வருவதற்கு இரண்டு பொருள்கள் தேவைப்பட்டன. ஒன்று, புல்லை ஒரே சீராகக் கத்தரிக்கும் பொறி. இங்கிலாந்தில் எட்வின் பட்டிங் என்பார் 1830இல் அதனைச் செய்தார். மற்றொன்று, புல்லின்மேல் விழுந்தாலும் எழும்பும் பந்து. பதப்படுத்திய ரப்பர் வந்த பின்னரே அது கைகூடியது. மலைச்சாரலில் ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கும் தொழிலை நன்கறிந்த நமக்கு இச்செய்தி சுவை தராமற் போகாது. இவ்விரண்டும் வாய்த்த பின், 1874இல் மேஜர் வால்டர் விங்ஃபீல்டு என்பவர் இப்புதிய ஆட்டத்திற்குக் காப்புரிமை பெற்றார்.

இலண்டனின் புறநகராகிய விம்பிள்டனில் கிராக்கே என்னும் கோலாட்டத்திற்காக அமைந்திருந்த கழகம் ஒன்று, 1877ஆம் ஆண்டு சூலைத் திங்களில் முதற் போட்டியை நடத்திற்று. கழகத்தின் புல்தரை உருளை பழுதுற்றதால் அதனைச் செப்பனிடப் பணம் திரட்டவே போட்டி நடந்ததென்பது வழிவழி வரும் செய்தி. ஆடியோர் 22 பேர். இறுதி ஆட்டத்தைக் கண்டோர் ஏறத்தாழ 200 பேர். வென்றவர் ஸ்பென்சர் கோர். இவ்வாட்டம் பெரும் விளையாட்டுகளின் வரிசையில் என்றும் இடம்பெறாதென்று பின்னாளில் எழுதியவரும் அவரே! வெற்றி பெற்றவர்க்கெல்லாம் தொலைநோக்கு வாய்த்துவிடுவதில்லை போலும்.

1884இல் மகளிரும் ஆடலாயினர். மாட் வாட்சன் முதல் வாகை சூடினார். 1922இல் போட்டி இப்போதுள்ள சர்ச் சாலைக்குக் குடிபெயர்ந்தது. இரண்டு உலகப் போர்களின்போதும் ஆட்டம் நின்றது. 1940இல் நடு ஆடுகளத்தின்மேல் குண்டும் விழுந்தது. மூன்றாம் முறையாக 2020இல் கொரோனா நோயால் தடைபட்டது. ஆடவர் பெறும் பொன்முலாம் பூசிய வெள்ளிக் கோப்பையின் உச்சியில் ஓர் அன்னாசிப்பழ உருவம் அமைந்திருக்கிறது. நம் மலையாள அண்டை வீட்டார் கைதச்சக்க என்று வழங்கும் அதே கனிதான்.

அக்கோப்பையை ஏந்தியோரை எல்லாம் ஈண்டு அடுக்குதல் நம் நோக்கமன்று. ஸ்வீடனின் போர்க் 1976 முதல் 1980 வரை தொடர்ந்து ஐந்து முறை வென்றதையும், சுவிட்சர்லாந்தின் ஃபெடரர் எட்டு முறையும் மார்ட்டினா நவரத்திலோவா ஒற்றையரில் ஒன்பது முறையும் வென்றதையும் நம் பிள்ளைகளே நமக்குச் சொல்வார்கள். பருத்தி வயல் சூழ்ந்த தென் கரோலினாவில் பிறந்து, 1957லும் 1958லும் வென்ற ஆல்தியா கிப்சனை மட்டும் பெயர் சொல்லி வணங்குகிறோம். வெள்ளையரல்லாதார் ஒருவர் அங்கே ஒற்றையர் வாகை சூடியது அதுவே முதன்முறை.

இந்தியரும் அங்கே முன்னரே சென்றுள்ளனர். 1939இல் கௌஸ் முகம்மது காலிறுதிவரை சென்று, அவ்வாண்டு வாகை சூடிய பாபி ரிக்ஸிடம் தோற்றார்.

இனி நம் மைந்தருக்கு வருவோம். இராமநாதன் கிருஷ்ணன் 1937ஆம் ஆண்டு ஏப்ரல் 11ஆம் நாள் நாகர்கோவிலில் பிறந்தவர். தந்தை டி.கே. இராமநாதன் தம் காலத்தில் பெயர் பெற்ற ஆட்டக்காரர். மகனுக்கு மட்டை பிடிக்கக் கற்பித்த ஆசானும் அவரே. 1953இல் விம்பிள்டன் இளையோர் இறுதியில் தோற்ற கிருஷ்ணன், மறு ஆண்டே திரும்பிச் சென்று ஆஸ்திரேலியாவின் ஆஷ்லி கூப்பரை வீழ்த்திப் பட்டம் பெற்றார். அப்போது அவருக்கு வயது 17.

அந்த 1954ஆம் ஆண்டை நாம் சற்று நின்று நோக்குதல் தகும். அவ்வாண்டு ஆடவர் பட்டம் வென்றவர் யாரோஸ்லாவ் திரோப்னி. செக் நாட்டிற் பிறந்து, 1949இல் தாய்நாட்டை விட்டு வெளியேறி, எகிப்து நாடு அளித்த குடியுரிமையோடு ஆடிக்கொண்டிருந்தவர். இருமுறை இறுதியாட்டத்தில் தோற்று, மூன்றாம் முறை இளைஞர் கென் ரோஸ்வாலை வென்று கோப்பை பெற்றார். பிறந்த மண்ணின் பெயரால் ஆடும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை. நாகர்கோவிலிற் பிறந்த இளைஞரும் நாடிழந்த முப்பத்திரண்டு வயது நண்பரொத்த போராளியும் ஒரே ஆண்டில், ஒரே புல்வெளியில் வென்றனர். குடிபெயர்ந்து வாழும் நமக்கு இவ்விரு பெயர்களும் சேர்ந்தே நினைவுக்கு வருகின்றன.

புல்தரை ஆட்டத்தின் இயல்பை இங்கே சொல்லியாக வேண்டும். வெயில் காயும் நம் நாட்டில் ஆடுகளங்கள் பெரும்பாலும் மண்தரையே. கல்கத்தா சவுத் கிளப் போன்ற சில இடங்களிலேதான் புல் உண்டு. மண்ணில் விழுந்த பந்து தயங்கி, உயர்ந்து எழும். ஆட்டக்காரருக்கு எண்ணிப் பார்க்கப் பொழுது கிடைக்கும். புல்லில் விழுந்த பந்தோ வழுக்கித் தாழ்ந்து விரையும். ஆகவே வன்மையாகச் சர்வீஸ் போட்டு வலையை நோக்கி ஓடுவோர்க்கே அக்காலத்துப் புல் துணை நின்றது. 2001 முதல் அங்கே முழுவதும் ரை என்னும் ஒரே வகைப் புல்லை வளர்த்து, 8 மில்லிமீட்டர் உயரத்திற்குக் கத்தரிக்கின்றனர். தரை இறுகிப் பந்தும் முன்னினும் உயர்ந்து எழுவதால், பின்கோட்டில் நின்று ஆடுவோர்க்கும் இப்போது வாழ்வுண்டு. கிருஷ்ணனுக்கு அவ்வசதி இல்லை. அவருடைய சர்வீஸ் மென்மையானது. பந்தை அடிப்பவர் என்பதினும் தொட்டு வழிகாட்டுபவர் என்பதே பொருந்தும். அத்தகைய ஆட்டம் அப்புல்லில் எடுபட்டதென்பதே நாம் வியக்கும் செய்தி.

1960இல் அவர் அரையிறுதியை எட்டி, நீல் ஃபிரேசரிடம் தோற்றார். ஃபிரேசரே அவ்வாண்டு வாகை சூடினார். 1961இல் காலிறுதியில் ராய் எமர்சனை 6-1, 6-4, 6-4 என ஒரு செட்டும் கொடாமல் வென்றார். அரையிறுதியில் ராட் லேவரிடம் 6-2, 8-6, 6-2 என்று தோற்றார். அவ்வாண்டு வாகை லேவருக்கு. 1962இல் நான்காம் தரவரிசை பெற்று, பட்டம் கைக்கெட்டும் என்று நாடே எதிர்நோக்கியிருந்த வேளையில், கணுக்கால் காயத்தால் இடையிலேயே விலக நேர்ந்தது.

இவற்றைவிடப் பெரிதாக நாம் கருதுவது மற்றொன்று. அந்நாளில் விம்பிள்டனிலும் டேவிஸ் கோப்பையிலும் ஊதியம் பெறாதவர்களே ஆடலாம். ஊதியத்திற்கு ஆடுவோரைத் திரட்டிய ஜாக் கிரேமர், 1959இல் கிருஷ்ணனுக்கு மூன்றாண்டுகளுக்கு ஒன்றரை லட்சம் டாலர் தர முன்வந்தார். அக்காலத்தில் அஃது எத்துணைப் பெருந்தொகை! ஏற்றிருந்தால் இந்தியாவிற்காக ஆடும் வாயில் அடைபட்டிருக்கும். கிருஷ்ணன் மறுத்துவிட்டார். அவர் ஏற்றிருந்தாலும் நாம் குறை கூறியிரோம். கூலி மிகுதியாகக் கிடைக்கும் இடம் நாடி மூட்டை கட்டிய குடும்பங்களின் வழிவந்தவர் நம்முள் பலர். மறுத்ததன் அருமையை அறிந்தவர்களும் நாமே.

அம்மறுப்பின் பயனை 1966இல் நாடு கண்டது. கல்கத்தாவில் பிரேசிலோடு நடந்த டேவிஸ் கோப்பைப் போட்டியில் இரு நாடுகளும் இரண்டிரண்டு ஆட்டங்கள் வென்றிருந்தன. முடிவை உறுதி செய்யும் ஐந்தாம் ஆட்டத்தில் தாமஸ் காக் என்பாரோடு ஆடிய கிருஷ்ணன், ஒன்றுக்கு இரண்டு செட்டுகள் என்று பின்தங்கி, நான்காம் செட்டிலும் 2-5 என்று தாழ்ந்திருந்தார். இன்னும் ஒரே ஒரு கேம் போதும், எல்லாம் முடிந்துவிடும். அந்நிலையிலிருந்து அச்செட்டை 7-5 என்று மீட்டு, ஐந்தாவதையும் வென்று, இந்தியாவை முதன்முறையாக அக்கோப்பையின் இறுதிச் சுற்றுக்கு அழைத்துச் சென்றார். மெல்போர்னில் ஆஸ்திரேலியா 4-1 என்று வென்றது. நமக்குக் கிட்டிய ஒரு வெற்றி இரட்டையர் ஆட்டத்தில். கிருஷ்ணனும் ஜெய்தீப் முகர்ஜியும் நியூகோம்பையும் ரோச்சையும் வீழ்த்தினர்.

1968இல் விம்பிள்டன் எல்லோர்க்கும் திறந்துவிடப்பட்டது. ஆடவர் பட்டம் வென்ற லேவர் 2,000 பவுன் பரிசு பெற்றார். கிருஷ்ணனின் நற்காலம் அதற்குள் கழிந்திருந்தது.

பின்வந்த தமிழ்நாட்டு மைந்தரும் அப்புல்லை மறக்கவில்லை. சென்னையின் விஜய் அமிர்தராஜ் 1973லும் 1981லும் காலிறுதி கண்டார். பின்னதில் ஜிம்மி கானர்ஸை எதிர்த்து முதலிரண்டு செட்டுகளை வென்றும் ஆட்டத்தை இழந்தார். கிருஷ்ணனின் மகன் ரமேஷ், தந்தை வென்ற இளையோர் பட்டத்தைச் சரியாக 25 ஆண்டுகள் கழித்து 1979இல் வென்றார். 1986இல் ஆடவர் காலிறுதியும் எட்டினார். சென்னையிற் பிறந்த மகேஷ் பூபதி, லியாண்டர் பயஸோடு 1999இல் இரட்டையர் வாகை சூடினார்.

ஒற்றையரில் வென்றோர் வரிசையில் 1958இல் கூப்பர், 1960இல் ஃபிரேசர், 1961லும் 1962லும் லேவர், 1964லும் 1965லும் எமர்சன் என்று காண்கிறோம். இவர்களுள் கூப்பரையும் எமர்சனையும் அதே விம்பிள்டனில் கிருஷ்ணன் வென்றிருக்கிறார். லேவரையும் 1959 டேவிஸ் கோப்பையில் தோற்கடித்திருக்கிறார். வரிசையில் அவர் பெயர் இல்லை.

நிற்க. பிள்ளைகளின் வழக்கிற்கு வருவோம். 1937இல் நாகர்கோவில் திருவிதாங்கூர் மன்னராட்சியில் இருந்தது. நம் மீனாட்சிபுரம் அடங்கிய சிற்றூர்த் தாலுகா கொச்சி அரசில் இருந்தது. பின்னர் இரண்டும் திருவிதாங்கூர்-கொச்சி என ஒரே இராச்சியமாயின. மொழிவழி எல்லை வகுக்கும் வேளையில் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை ஆகியவற்றோடு தேவிகுளம், பீர்மேடு, சிற்றூர் ஆகியவற்றையும் தமிழர் கேட்டனர். 1956 நவம்பர் முதல் நாள் முன்னவை சென்னை இராச்சியம் சேர்ந்தன. செங்கோட்டையில் ஒரு பகுதி மட்டும் இப்பால் நின்றது. பின்னவை கேரளத்தில் நின்றன. ஆகவே இரண்டாண்டுகளுக்கு முன் கிருஷ்ணன் இளையோர் பட்டம் வென்ற நாளில், அவர் பிறந்த ஊரும் நாம் குடியிருக்கும் இவ்வூரும் ஒரே இராச்சியத்தில்தான் இருந்தன.

அவன் சொன்னதும் சரி. அவள் சொன்னதும் சரி. அன்று வழங்காது விட்ட மதிப்பெண்களை இருவர்க்கும் இவ்வாண்டுக் கணக்கில் சேர்த்தருளுமாறு விழாக்குழுச் செயலாளரைக் கேட்டுக்கொள்கிறோம்.